கடைசிப் பாட்டு ஓடுற சிடி

குன்னம் கடைவீதியில் ‘வீரன் சவுண்ட் சர்வீஸ்’ என்று பலகை எழுதி மாட்டியவர் மதுரைவீரன். அந்தப் பலகை இன்னும் அங்கேயே தொங்குவதற்குக் காரணம் அவர் மனைவி ஜோதி.

இரண்டு பேருடைய அப்பா அம்மாவும் அடுத்தவர் கொல்லையில் வெங்காயம் நட்டு, பருத்தி எடுத்துப் பிழைத்தவர்கள். அந்தத் தெருவில் முதன்முதலாகச் சொந்தமாக ஒரு தொழில் தொடங்கியவர் மதுரைவீரன். முதலில் ஒரு பழைய ஆம்ப்ளிஃபயர், பிறகு இரண்டு கூம்பு ஒலிபெருக்கி, பிறகு சீரியல் பல்பு என்று கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்தார். காதுகுத்து, சடங்கு, கோயில் திருவிழா எதுவானாலும் சுற்று வட்டாரத்தில் அவரைத்தான் கூப்பிடுவார்கள். எந்த நேரத்துக்கு எந்தப் பாட்டைப் போட வேண்டும் என்று அவருக்குத் தெரியும். பந்தியில் ஆள் உட்கார்ந்ததும் சத்தத்தைக் குறைப்பார். தாய்மாமன் சீர்த்தட்டோடு தெரு முனைக்கு வந்ததும் கூட்டுவார். ஜோதி அப்போதும் களை வெட்டப் போய்க்கொண்டுதான் இருந்தாள்.

கேசட் போய் சிடி வந்த சமயம் அது. ஓர் ஆடி மாதத் திருவிழாவுக்குக் கூம்பு கட்டப் புளியமரத்தில் ஏறிய மதுரைவீரன் கிளை முறிந்து கீழே விழுந்தார். இடுப்பெலும்பு உடைந்தது. திருச்சியில் அறுவைச் சிகிச்சை செய்து, கம்பி வைத்து அனுப்பினார்கள். ஊன்றுகோலோடு நடக்கலாம், மரம் ஏறவும் பாரம் தூக்கவும் கூடாது என்றார் டாக்டர். வீட்டுக்கு வந்தவர் சுவர்ப் பக்கமாகத் திரும்பிப் படுத்தவர்தான். யாரோடும் அதிகம் பேசவில்லை. மகள் அபிநயா பள்ளிக்கூடத்திலிருந்து வந்து ஏதாவது கேட்டால் மட்டும் பதில் சொல்வார்.

மைக்செட்டை விலைக்குக் கேட்டு ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். இரண்டாவது ஆள் வந்துபோன அன்று, கஞ்சியைக் கரைத்துக்கொண்டே ஜோதி சொன்னாள்.

“விக்க வேணாம் மாமா. நான் போறேன்.”

“எங்க போற?”

“மைக்செட் போட.”

அவர் சுவரைப் பார்த்தபடியே, “பொம்பள போயி மைக்செட் போட்டா ஊருல என்ன பேசுவாங்க” என்றார்.

“என்னத்தையோ பேசட்டும். மரம் ஏற லோடு ஆட்டோ திருமுருகன் இருக்காரு. ஒயர் மாட்டுறது, பாட்டுப் போடுறதுல்லாம் நீங்க செய்யறப்ப நான் பாத்துருக்கேன். இன்னும் தெரியாதத நீங்க சொல்லிக் குடுங்க.”

அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. அது போதும் என்று எடுத்துக்கொண்டாள்.

முதல் அழைப்பு பக்கத்து ஊர் அய்யாக்கண்ணு வீட்டிலிருந்து வந்தது. மானாவாரியில் மக்காச்சோளமும் பருத்தியும் போடுகிற பெரிய சம்சாரி. மகன் வழிப் பேரனுக்குக் காதுகுத்து. மதுரைவீரன் விழுந்தது தெரிந்தும், “யாரு வந்தா என்ன, செட்டு வீரனோடதுதான?” என்று சொல்லிவிட்டிருந்தார். கேசட் டெக் பழுதாகிக் கிடந்தது. புதிதாக வாங்கிய சிடி பிளேயர் இருந்தது. ஆனால் அதற்கான பாட்டு அதிகம் இல்லை. ஜோதி பெரம்பலூருக்குப் போய், பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் கம்ப்யூட்டர் கடை வைத்திருந்த அறிவரசனிடம் பாட்டுகளைப் பதிந்து வாங்கிவந்தாள். சாமி பாட்டு ஒரு சிடி, சினிமாப் பாட்டு ஒரு சிடி, விசேஷத்துக்கான பாட்டு ஒரு சிடி. மூன்றும் புத்தம் புதிதாக மின்னின. அவற்றைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டே பஸ்ஸில் வந்தாள்.

அன்று காலையில் எல்லாம் நன்றாகவே நடந்தது. திருமுருகன் வேப்ப மரத்தில் கூம்பைக் கட்டினார். சாமி பாட்டு ஊர் முழுக்கக் கேட்டது. சாமி பாட்டு சிடியில் மூன்று நான்கு பாட்டு ஓடியதும் அதை மாற்றி அடுத்ததைப் போட்டுவிட்டதால், அதுவரை தப்பித்திருக்கிறாள் என்பது அவளுக்குத் தெரியவில்லை. தாய்மாமன் வந்து, பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். ஆசாரி ஊசியை எடுத்தார். அதற்கென்றே கடைசியில் பதியச் சொல்லியிருந்த பாட்டைப் போட்டாள் ஜோதி.

பாட்டு இரண்டு வரி போனது. மூன்றாவது வரியில் ஒரே எழுத்தைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டது. கூம்பு வழியாக அந்த ஒற்றை எழுத்து, திக்குவாய்க்காரன் பேசுவதுபோல, விடாமல் ஊர் மேல் விழுந்தது. பந்தலில் சிரிப்பு கிளம்பியது. சின்னப் பிள்ளைகள் அதையே சொல்லிக்கொண்டு ஓடினார்கள். ஜோதி சிடியை எடுத்து முந்தானையால் துடைத்துப் போட்டாள். அதே இடத்தில் நின்றது. வேறு சிடியில் கடைசியாக இருந்த ஒரு பாட்டைப் போட்டாள். அதுவும் திக்கியது. அவசரத்தில் பொத்தான்களை மாற்றி மாற்றி அழுத்தினாள்.

“வீரன் வந்துருந்தா இப்புடி ஆகுமா?” என்று பின்னாலிருந்து ஒருவர் சொல்வது நன்றாகக் காதில் விழுந்தது.

ஆசாரி ஊசியோடு காத்திருந்தார். பிள்ளை பயந்து சிணுங்க ஆரம்பித்தது. அப்போது பந்தலுக்குள்ளிருந்து அய்யாக்கண்ணுவின் மனைவி வேணி எழுந்து வந்தாள். பட்டுச்சேலை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு நேராக ஜோதியிடம் வந்து கையை நீட்டினாள்.

“மைக்க இப்புடிக் குடு.”

எதற்கு என்று கேட்கவும் தோன்றாமல் ஜோதி கொடுத்தாள். வேணி ஒரு தரம் கனைத்துக்கொண்டாள். கூட்டத்தைப் பார்க்காமல் பேரனைப் பார்த்துப் பாடினாள்.

“காது குத்த வந்த மாமன் கையி நடுங்குதடி,
கம்மல் வாங்கி வந்த மாமன் கண்ணு கலங்குதடி...”

தாய்மாமன் உண்மையிலேயே நடுங்கிக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தார். பந்தல் முழுக்கச் சிரித்தது. இந்தச் சிரிப்பு வேறு. பெண்கள் குலவை போட்டார்கள். அடுத்த அடியை வேணியின் நாத்தனார் எடுத்தாள். மாமன் வீட்டுப் பெண்கள் விடுவார்களா, அவர்களும் எழுந்து வந்து மைக்கைக் கேட்டு எதிர்ப்பாட்டுப் பாடினார்கள். பிள்ளை எந்தப் பக்கம் பார்ப்பது என்று தெரியாமல் விழித்துக்கொண்டிருந்தபோதே ஆசாரி ஒரு காதை முடித்துவிட்டார். பந்திக்குக் கூப்பிடும் வரை மைக் பெண்கள் கையிலேயே இருந்தது. சத்தம் இரையாமலும் குறையாமலும் பார்த்துக்கொள்வதுதான் ஜோதியின் வேலையாக இருந்தது. அதை அவள் சரியாகவே செய்தாள்.

எல்லாம் முடிந்து ஒயரைச் சுற்றிக்கொண்டிருந்தபோது அய்யாக்கண்ணு வந்தார். ஜோதி எழுந்து நின்றாள். கேட்கப்போகும் வார்த்தைக்கு மனதைத் தயார் செய்துகொண்டாள்.

“சாப்ட்டியா?” என்றார் அவர்.

“இல்லைங்கய்யா.”

“போயி சாப்புடு மொதல்ல. தைப்பூசத்துக்கு எங்க தெருவுல பந்தல் போடுறோம். செட்டக் கொண்டாந்துரு.” போகிறவர் திரும்பி, “பாட்டு நின்னா பரவால்ல, அவ இருக்கா” என்று வேணி இருந்த பக்கம் தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

ஜோதி இலையில் உட்கார்ந்து சோற்றைப் பிசைந்தாள். கண்ணில் தண்ணீர் வந்துகொண்டே இருந்தது. பரிமாறியவள் காரம் அதிகமோ என்று கேட்டு மோர் ஊற்றினாள்.

மறுநாள் அவள் பெரம்பலூருக்குப் போனாள். அறிவரசனோடு சண்டை போடும் எண்ணம் இல்லை. ஏன் நின்றது என்று தெரிய வேண்டும், அவ்வளவுதான். அறிவரசன் திட்டு வாங்கத் தயாராக எழுந்து நின்றான். அவள் மூன்று சிடிகளையும் மேசையில் வைத்தாள்.

“தம்பி, மொதப் பாட்டுல்லாம் நல்லா ஓடுது. கடைசிப் பாட்டுதான் நிக்குது. ராத்திரி வீட்டுல போட்டுப் பாத்தேன், மூணுலயும் அப்புடித்தான். ஏன்?”

அறிவரசன் யோசித்தான். அவனுக்கும் அந்தத் தொழில் புதிது. “அக்கா, சிடியில பாட்டு நடு ஓட்டைக்குப் பக்கத்துலேர்ந்து ஆரம்பிச்சு வெளிப்பக்கமா போகும். கடைசிப் பாட்டு ஓரத்துல இருக்கும்” என்றான். “அப்ப ஓரத்துலதான் ஏதோ கோளாறு.”

இரண்டு பேரும் கடை வாசலுக்கு வந்து சிடியை வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பார்த்தார்கள். அந்தப் பக்கம் போன பஸ்ஸின் நிறம்கூட சிடி வழியாக மங்கலாகத் தெரிந்தது. மேல்பூச்சு அவ்வளவு மெலிசு. விளிம்பை ஒட்டி ஊசி குத்தியதுபோல ஒளிப் புள்ளிகள். ஜோதி கட்டைவிரல் நகத்தால் விளிம்பை லேசாக நிமிண்டினாள். பூச்சு கொஞ்சம் உரிந்து நகத்தில் ஒட்டியது.

“அவசரத்துக்கு நானும் ரொம்ப வேகமா பதிஞ்சுட்டேங்க்கா” என்றான் அறிவரசன். “டப்பாவுல இருந்த பேரு நல்ல பேருதான். உள்ள இருக்கறது இப்புடின்னு தெரியல. மன்னிச்சுருங்க.”

“அத வுடுங்க தம்பி. நல்ல சிடிய எப்புடிக் கண்டுபுடிக்கறது, அதச் சொல்லுங்க.”

“எனக்கே தெரியாதேக்கா.”

“அப்ப ரெண்டு பேரும் பாப்போம்.”

அப்படித்தான் அது ஆரம்பித்தது. அறிவரசன் புதிதாக ஒரு டப்பா வாங்கினால் ஜோதிக்குப் போன் செய்வான். அவள் சந்தைக்கு வரும் நாளில் வந்து பார்ப்பாள். டப்பாவின் மேல் அச்சடித்த பெயரை அவள் நம்புவதில்லை. ஒரே பெயரில் போன மாதம் வந்த சிடி ஒரு மாதிரியும் இந்த மாதம் வந்தது வேறு மாதிரியும் இருந்தது. பதிகிற பக்கத்தைச் சாய்த்துப் பிடித்து, நிறம் நடுவிலிருந்து ஓரம் வரை ஒரே சீராக ஓடுகிறதா என்று பார்ப்பாள். சில சிடியில் சாயம் திட்டுத் திட்டாக, சரியாக அலசாத சேலை மாதிரி இருக்கும். அதை ஒதுக்கிவிடுவாள். மேல்பக்கப் பூச்சு விளிம்பு வரை அரக்கு வைத்ததுபோல மூடியிருக்க வேண்டும். மூடாவிட்டால் ஈரம் உள்ளே போய்விடும் என்பது ஒரு மழைக்காலத்தில் தெரிந்தது.

எல்லாரும் சிடியின் அடிப்பக்கத்தைத்தான் பொத்திப் பொத்திப் பார்த்துக்கொள்வார்கள். அடியில் விழுந்த கீறலோடு பல சிடிகள் ஓடின. மேல்பக்கத்தில் பால்பாயிண்டு பேனாவால் அழுத்தி ‘முருகன் பாட்டு’ என்று எழுதிய சிடி, எழுதிய இடத்திலேயே செத்துப்போனது. பாட்டு இருப்பது மேல்பக்கப் பூச்சுக்குக் கீழேதான் என்று அறிவரசன் எங்கோ படித்துச் சொன்னான். அன்றிலிருந்து நடுவளையத்தில் மட்டும் ஸ்கெட்ச் பேனாவால் எழுதுவது என்று ஆயிற்று.

கண்ணால் பார்ப்பது மட்டும் போதவில்லை. ஒவ்வொரு டப்பாவிலிருந்தும் ஒரு சிடியை எடுத்து, ஓரம் வரை நிறையப் பாட்டுப் பதிந்து, வீட்டுக்குக் கொண்டுவந்து ஆஸ்பெஸ்டாஸ் கூரை மேல் வெயிலில் காயப் போட்டாள். வடகம் காயப்போட்ட தட்டுக்குப் பக்கத்தில் சிடி காய்வதைப் பார்த்து, பக்கத்து வீட்டுப் பெண்கள் காக்கா விரட்டவா என்று கேட்டார்கள். திருவிழாப் பந்தலில் சிடி படுகிற வெயில் அவளுக்குத் தெரியும். ஒரு வாரம் கழித்து எடுத்து, வீட்டில் இருந்த மட்டமான பிளேயரில் கடைசிப் பாட்டை மட்டும் போடுவாள். அந்த பிளேயரில் ஓடினால் எதிலும் ஓடும்.

இந்தச் சோதனை நடக்கும்போது மதுரைவீரன் சுவர்ப் பக்கம் திரும்பித்தான் படுத்திருப்பார். ஒருநாள் ஒரு சிடி கடைசி வரை நிற்காமல் ஓடியது. ஜோதி திருப்தியாக அதை எடுத்து உறையில் போட்டாள்.

“அது வேணாம்” என்றார் அவர், திரும்பாமலே.

“நல்லாத்தான மாமா ஓடுச்சு?”

“ரெண்டாவது சரணத்துல டிக்குனு ஒரு சத்தம் வந்துச்சு. திரும்பப் போட்டுப் பாரு.”

திரும்பப் போட்டாள். காதை வைத்துக் கேட்டபோது, கொசு மோதியதுபோல ஒரு துடிப்பு. இன்னும் ஒரு வாரம் வெயிலில் போட்டபோது சரியாக அந்த இடத்தில் பாட்டு நின்றது. அன்றிலிருந்து ஜோதி அவருடைய தலைமாட்டில்தான் பிளேயரை வைத்தாள். முதலில் படுத்தபடி கேட்டார். பிறகு சாய்ந்து உட்கார்ந்து கேட்டார். பிறகு ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்து, கூரை மேல் எந்த சிடி எந்த டப்பாவிலிருந்து வந்தது என்று விசாரிக்க ஆரம்பித்தார். ஜோதி அடுப்படிக்குப் போய் நின்று அழுதுவிட்டு வந்தாள். சிடி நின்றதும் ஒரு வகையில் நல்லதுதான் என்று முதல் தடவையாகத் தோன்றியது.

காதுகுத்து அன்று வேணி பாடியது அவள் மனதை விட்டுப் போகவே இல்லை. தைப்பூசப் பந்தலுக்குப் போனபோது கேட்டேவிட்டாள்.

“அக்கா, உங்க பாட்டையெல்லாம் சிடியில பதிஞ்சுக்கட்டுமா? விசேஷத்துக்குப் போற எடத்துல போடுவேன்.”

வேணி வெட்கப்பட்டுச் சிரித்தாள். “நானா? கொல்லையில பாடுற பாட்டு அது. அதப் போயி யாரு கேப்பா?”

“பதிஞ்சுக்க, பதிஞ்சுக்க” என்றார் அய்யாக்கண்ணு. “என்னைய ஏசுற பாட்ட மட்டும் வுட்டுரு.”

பதிவு செய்கிற நாளில் மதுரைவீரனும் வந்தார். விழுந்த பிறகு அவர் வேலைக்கென்று வெளியே வந்தது அதுதான் முதல் தடவை. திருமுருகன் ஆட்டோவில் மெத்தை போட்டு உட்காரவைத்துக் கூட்டிவந்தார். கூடத்தில் உட்கார்ந்து பாடினால் எதிரொலி வருகிறது என்றார் மதுரைவீரன். வீட்டைச் சுற்றிப் பார்த்தவர், பருத்தி மூட்டை அடுக்கியிருந்த அறையைக் காட்டினார். மூட்டைகளுக்கு நடுவே ஒரு முக்காலி போட்டு வேணியை உட்காரவைத்தார்கள். வெளிச்சத்தம் எதுவும் உள்ளே வரவில்லை.

“மைக்க வாய்க்கு நேரா வெக்காத ஜோதி. கொஞ்சம் எறக்கி, மோவாய்க்குக் கீழ வை. அக்கா, நீங்க மைக்க மறந்துட்டு யாருக்காவது பாடுற மாதிரி பாடுங்க.”

எதிரே யாரும் இல்லாமல் பாட வரவில்லை வேணிக்கு. பள்ளிக்கூடத்திலிருந்து அப்போதுதான் வந்த மகள் பானுப்ரியாவைக் கூப்பிட்டு எதிரில் உட்காரவைத்துக்கொண்டாள். தாலாட்டு, நடவுப் பாட்டு, நலுங்கு, மாமனை ஏசுகிற பாட்டு என்று வரிசையாக வந்தது. கடைசியாக மகளையே பார்த்து ஒரு வளைகாப்புப் பாட்டுப் பாடினாள்.

“சோளக்கொல்லை மேட்டுல நான் சுமந்து வந்த தங்கமடி,
சோடி வளை குலுங்கயில ஊரு நெறஞ்சு போச்சுதடி...”

“இப்பவே எதுக்கும்மா இது” என்று பானுப்ரியா முகத்தை மூடிக்கொண்டாள். பஞ்சு மூட்டை மேல் சாய்ந்து உட்கார்ந்திருந்த மதுரைவீரன் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

பழுது பார்த்த டெக்கில் கேசட்டில் பதிந்த அந்தப் பாட்டுகளை அறிவரசன் கம்ப்யூட்டரில் ஏற்றி, ஜோதி பொறுக்கிவைத்திருந்த சிடிகளில் மெதுவான வேகத்தில் பதிந்துகொடுத்தான். வளைகாப்புப் பாட்டு கடைசியில், அதாவது ஓரத்தில் இருந்தது. அதனால் அந்த ஒரு வேலைக்கு மட்டும் மிக நல்ல டப்பாவைத் திறக்கச் சொன்னாள். ஜோதி அதைப் போகிற ஊரிலெல்லாம் போட்டாள். கேட்டவர்கள் ஆளுக்கொரு சிடி வேண்டும் என்றார்கள். வேணியிடம் கேட்டுக்கொண்டு கொடுத்தாள். வேணிக்கு அது பெருமையாகவும் இருந்தது, கூச்சமாகவும் இருந்தது.

நல்ல சிடி எது என்று கேட்டு ஆட்களும் வர ஆரம்பித்தார்கள். மினி பஸ் டிரைவர்கள் வந்தார்கள். சிமெண்டு லாரி ஓடி ஓடிக் குண்டும் குழியுமான ரோட்டில் சிடி குதிக்கிறது என்பது அவர்கள் குறை. அரியலூரிலிருந்து ஒரு கூத்துக் குழு வந்தது. விக்கிரமங்கலத்துச் சர்ச்சில் பாடுகிறவர்கள் வந்தார்கள். ஜோதி யாரையும் வெறுங்கையோடு அனுப்பவில்லை. வெயிலில் வைத்துப் பார்க்கச் சொன்னாள். கடைசிப் பாட்டைக் கேட்டு வாங்கச் சொன்னாள். தெரியாததைத் தெரியாது என்றும் சொன்னாள். இவர்களில் பலர் தங்கள் ஊர் விசேஷங்களுக்கு அவளுடைய செட்டையே கூப்பிட்டார்கள். அபிநயா பாலிடெக்னிக் சேர்ந்தது, வீட்டின் ஆஸ்பெஸ்டாஸ் கூரையைப் பிரித்துத் தளம் போட்டது எல்லாம் அந்த வருஷங்களில்தான்.

பிறகு பென் டிரைவ் வந்தது. ஜோதியும் வாங்கினாள். கைக்கு அடக்கமாக, வெயிலுக்கும் குலுக்கலுக்கும் பயப்படாமல் இருந்தது அது. சிடி டப்பாக்களைப் பரண் மேல் ஏற்றியபோது அவளுக்கு எந்த வருத்தமும் இல்லை. மொட்டை மாடியில் இடம் கிடைத்தது, வடகம் தாராளமாகக் காய்ந்தது.

அந்தச் சமயத்தில் வேணிக்குக் கழுத்தில் கட்டி வந்தது. திருச்சிக்குப் போய் அறுவைச் சிகிச்சை செய்தார்கள். உயிருக்கு ஆபத்தில்லை என்றாலும் குரல் போய்விட்டது. காற்றும் சத்தமும் கலந்த ஒரு கரகரப்பு மட்டும் மிச்சம். பேசலாம், பாட முடியாது. பானுப்ரியாவின் கல்யாணத்தில் மற்ற பெண்கள் நலுங்கு பாடியபோது வேணி சமையல் கட்டைப் பார்க்கப்போவதாகச் சொல்லி எழுந்து போனதை ஜோதி பார்த்தாள்.

பானுப்ரியாவைக் கொடுத்தது திருமழபாடியில். அங்கே மாப்பிள்ளை வீட்டில் வளைகாப்பு வைத்திருந்தார்கள். அழைக்க வந்த அய்யாக்கண்ணு வெற்றிலைத் தட்டைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்தார்.

“ஜோதி, அவ பாட்டு இருக்கா உங்கிட்ட?”

“இருக்குங்கய்யா. எதுக்கு கேக்குறீங்க?”

“வளகாப்புப் பாட்டு ஒன்னு பாடிருக்காளாம். பாப்பா கேக்குது. அதப் போடணும். அவகிட்ட சொல்லிடாத.”

இருக்கிறது என்று சொல்லிவிட்டாளே தவிர, தேடியபோதுதான் விஷயம் தெரிந்தது. பென் டிரைவில் ஏற்றியவற்றில் கடைசிப் பாட்டு மட்டும் இல்லை. ஏற்றும்போது பாதியில் நின்றிருக்க வேண்டும். அறிவரசனின் பழைய கம்ப்யூட்டர் எப்போதோ பழுதாகிக் கழித்துப் போட்டாயிற்று. பதிவு செய்த கேசட்டில் பூஞ்சை பிடித்திருந்தது. மிச்சம் இருப்பது ஊரெங்கும் கொடுத்த சிடிகள்தான்.

ஜோதியும் திருமுருகனும் வீடு வீடாகப் போய்க் கேட்டார்கள். ஒருவர் அதை ஆட்டோ கண்ணாடியில் அலங்காரமாகத் தொங்கவிட்டிருந்தார். ஒரு வீட்டில் மேலே அம்மன் படம் ஸ்டிக்கர் ஒட்டி, அது பூச்சோடு சேர்ந்து உரிந்து வந்திருந்தது. பத்திரமாக உறைக்குள் இருந்தவற்றிலும் சில கடைசிப் பாட்டு வரும்போது மௌனமாகிவிட்டன. ஜோதி பரணில் ஏறி, தன் துணிப்பெட்டிக்கு அடியில் வைத்திருந்த இரண்டை எடுத்தாள். வெயிலுக்குத் தூக்கிப் பார்த்தாள். ஒன்றின் விளிம்பில் வெள்ளை படர்ந்திருந்தது. இன்னொன்று நன்றாகத்தான் தெரிந்தது. ஆனால் கண்ணுக்கு நன்றாகத் தெரிந்தவை ஏமாற்றியதை அவள் நிறையப் பார்த்திருக்கிறாள்.

அறிவரசன் கடை இப்போது செல்போன் கடையாகியிருந்தது. விஷயத்தைக் கேட்டதும் பின்னறையில் கிடந்த பழைய டிரைவ் ஒன்றைத் தூசி தட்டிப் பொருத்தினான். மதுரைவீரனும் கூட வந்திருந்தார். நாற்காலியில் உட்கார்ந்து ஊன்றுகோலை முழங்கால்களுக்கு நடுவே வைத்துக்கொண்டு கண்ணை மூடினார். அறிவரசன் கடைசிப் பாட்டைத் தட்டினான். டிரைவ் சுற்றியது, நின்றது, மறுபடி சுற்றியது. பிறகு பருத்தி மூட்டைகளுக்கு நடுவிலிருந்து வேணியின் குரல் வந்தது.

ஜோதி கணவனின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பாட்டு முடிந்ததும் அவர் கண்ணைத் திறந்தார்.

“சுத்தமா இருக்கு” என்றார்.

அறிவரசன் உடனே அதைக் கம்ப்யூட்டரிலும், மூன்று பேருடைய போன்களிலும், இருக்கிற பென் டிரைவிலெல்லாமும் ஏற்றினான். ஜோதி காசை எடுக்கப் போனபோது கையைப் பிடித்துத் தடுத்தான்.

“அன்னைக்கு நீங்க கத்தியிருந்தா நான் கடைய மூடிட்டு வேற வேல பாக்கப் போயிருப்பேங்க்கா. வுடுங்க.”

வளைகாப்பு அன்று கொள்ளிடத்துக் காற்று பந்தல் துணியை அடித்துக்கொண்டே இருந்தது. பானுப்ரியாவை மணையில் உட்காரவைத்து, சந்தனம் பூசி, வளையல் போட ஆரம்பித்தார்கள். மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் பாடி முடித்தார்கள். பெண் வீட்டார் பாட வேண்டிய முறை வந்தது. வேணி தலையைக் குனிந்துகொண்டு வளையல் தட்டைச் சரிசெய்வதுபோல இருந்தாள். ஜோதி பாட்டைப் போட்டாள். சத்தத்தை மெதுவாக, யாரோ பந்தலுக்குள் நடந்து வருவதுபோல ஏற்றினாள்.

முதல் வரியிலேயே வேணி நிமிர்ந்தாள். யார் பாடுகிறார்கள் என்று ஒரு கணம் அவளுக்கே பிடிபடவில்லை. பிறகு பிடிபட்டது. உதடு தானாக அசைந்தது. சத்தம் வரவில்லை, ஒரு வார்த்தைகூடத் தப்பவில்லை. மகளின் கையைப் பிடித்து, பாட்டின் அடிக்குத் தகுந்தபடி ஒவ்வொரு வளையலாக ஏற்றினாள். பானுப்ரியா அழுதுகொண்டே சிரித்தாள். ‘சோளக்கொல்லை’ என்று மறுபடி வந்த இடத்தில் வேணியின் ஊர்ப் பெண்கள் எல்லாரும் சேர்ந்து குலவை போட்டார்கள்.

பந்தி நடக்கும்போது வேணி ஆம்ப்ளிஃபயர் இருந்த இடத்துக்கு வந்து, ஜோதிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். கையில் ஒரு இலைத் துண்டில் ஐந்து வகைச் சாதமும் கொஞ்சம் கொஞ்சம் வைத்து எடுத்துவந்திருந்தாள்.

ஜோதி ரொம்ப நாளாகச் சொல்ல நினைத்ததைச் சொன்னாள். “அக்கா, அன்னைக்கு நீங்க எந்திரிச்சு வரலேன்னா நான் செட்ட வித்துட்டு மறுபடியும் களை வெட்டத்தான் போயிருப்பேன். எங்க மாமாவும் செவுத்தப் பாத்துக்கிட்டே கெடந்துருப்பாரு. இத்தன வருசமா நான் உங்களத்தான் நெனச்சுக்கிட்டுப் பொழைக்குறேன்.”

வேணி கரகரத்த குரலில் சிரித்தாள். பேசுவதற்கு அவளுக்கு மூச்சுப் பிடிக்க வேண்டியிருந்தது.

“நான் உனக்காக வந்தேன்னா நெனச்ச? சின்னப் புள்ளையிலேர்ந்து மைக்குல பாடணும்னு எனக்கு அப்புடி ஒரு ஆச. சம்சாரி வூட்டுப் பொம்பளைக்கு யாரு மைக்கக் குடுப்பா? உன் சிடி எப்படா நிக்கும்னு சாமிகிட்ட வேண்டிக்கிட்டே இருந்தேனோ என்னமோ, தெரியாது. நின்னுச்சு. ஓடியாந்துட்டேன்.”

ஜோதிக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் சிரிப்பை அடக்க முடியவில்லை. இரண்டு பேரும் சிரிப்பதைப் பார்த்து மதுரைவீரன் என்னவென்று கேட்டார். அதற்கு இன்னும் அதிகமாகச் சிரித்தார்கள்.

சாயங்காலம் திருமுருகன் கூம்பை இறக்கிக்கொண்டிருந்தபோது, பானுப்ரியாவின் மாமியார் ஜோதியைத் தேடி வந்தார். அந்தப் பாட்டு தனக்கு ஒரு சிடியில் வேண்டும் என்றார். வீட்டில் பழைய பிளேயர் ஒன்று இருக்கிறதாம், போனில் பாட்டுக் கேட்க அவருக்குக் கண் தெரிவதில்லையாம்.

“இப்ப வர்ற சிடியில எது நல்லதுன்னு பாக்கணும்மா” என்றாள் ஜோதி. “வெயில்ல போட்டுப் பாத்துட்டு, கொழந்த பொறக்கறதுக்குள்ள கொண்டாந்து தரேன்.”

மதுரைவீரன் ஆட்டோவில் ஏறி உட்கார்ந்து, இடித்துக்கொள்ளாமல் இருக்க ஆம்ப்ளிஃபயரை மடியோடு அணைத்துக்கொண்டார். ஜோதி அவர் காலுக்கு அண்டையில் ஒயர்ச் சுருளை வைத்துவிட்டு முன்னால் ஏறிக்கொண்டாள்.